சங்கின் சாதியும் புரியும்

சங்கொலி கேளாத தமிழ்ச் சிறுவன் இலன். கோயிற் பூசையிலே அதனைக் கேட்கின்றான். ஊரில் இழவு நேர்ந்தவிடத்துச் சேமக்கலத்தோடு சேர்த்தும் அதனைக் கேட்கின்றான். பூநகரிக்குச் செல்லும் வழியிற் சங்குப்பிட்டி உளது. மானிப்பாய்க்கு அணித்தே சங்குவேலி உளது. இவ்வாறு ஊர்ப்பெயரிலும் வழிபாட்டிலும் கலந்து நிற்கும் பொருளாயினும், ஒரு சங்கைக் கையிற் கொடுத்து, "இதன் உறுப்புக்களை முறையே பெயர் சொல்லி விளக்குக" என்று வினவின், கற்றவரும் சிறிது தயங்குவர்.

யாம் தமிழாசிரியரேயன்றி விலங்கியலார் அல்லேம். ஆயினும் சங்கைப் பற்றிய ஆராய்ச்சியினுள்ளே பெயர் பற்றிய வழக்கொன்று கிடத்தலின், அது எம் எல்லைக்கு முற்றும் புறம்பானதன்று. நாம் இடம்புரி என்று சொல்லும் சாதாரணச் சங்கினை விலங்கியல் நூல்கள் வலச்சுருள் என்கின்றன. நாம் வலம்புரி என்று போற்றிப் பெட்டியில் வைத்துக் காப்பதனை அவை இடச்சுருள் என்கின்றன. விஞ்ஞானம் கற்கும் மாணவர் இம்முரண்பாட்டைக் கொண்டுவந்து எம்முன் வைத்தல் உண்டு. அவருட் சிலர், பழந்தமிழருக்கு வலமும் இடமும் தெரியவில்லை என்று விரைந்து முடிவு கட்டுதலும் உண்டு. இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு முன்னர்ச் சங்கு எவ்வகையுயிர், அதன் ஓடு எவ்வாறு அமைந்தது என்பவற்றைச் செம்மையாக அறிதல் வேண்டும்.

உயிர்களை வகுத்தல் தமிழருக்குப் புதியதொன்றன்று. தொல்காப்பியர் மரபியலிலே, உயிர்களை அவற்றின் அறிவின் அளவு கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துக் கூறினார். அவ்வகுப்பிலே நந்து என்பது ஈரறிவுயிர்களுள் வைக்கப்பட்டது. தொட்டறிதலும் சுவைத்தறிதலுமே அதற்குரியன என்பது கருத்து. நந்து என்னும் சொல் நத்தைக்கும் சங்குக்கும் பொதுவாக வழங்கியது. இக்காலத்து ஆராய்ச்சியாளர் சங்கின் உணர்கொம்புகளின் அடியிலே சிறு கண்கள் இருத்தலையும், நீரிற் கலந்து வரும் மணத்தை ஆராயும் உறுப்பொன்று இருத்தலையும் கண்டுள்ளனர். ஆதலின் அறிவின் தொகையை இன்று கூட்டியே சொல்லல் வேண்டும். எனினும் தொல்காப்பியர் ஓட்டின் அழகை நோக்காது, உள்ளே உறையும் உயிரின் தன்மையை நோக்கினார் என்பது கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் இத்துறையிற் புகுந்தபோது பெரிதும் வெற்றோடுகளை வைத்துக்கொண்டே தொடங்கினர்.

பிற்காலத்து வழங்கிய மற்றொரு மரபும் உண்டு. ஆயிரம் இப்பி சூழ இடம்புரி ஒன்றும், ஆயிரம் இடம்புரி சூழ வலம்புரி ஒன்றும், ஆயிரம் வலம்புரி சூழச் சலஞ்சலம் ஒன்றும், ஆயிரம் சலஞ்சலம் சூழப் பாஞ்சசன்னியம் ஒன்றும் இருக்கும் என்பர். இஃது எவரும் எண்ணிக் கண்ட கணக்கன்று. அருமையைப் படிப்படியாக உயர்த்திக் காட்டும் முறையே. இப்பி இருபுற ஓடுடையதாதலின் சங்கின் வகுப்பிலேயே சேராது. ஆயினும் இடம்புரிக்கு மேற்படியில் வலம்புரி நிற்பது உண்மையோடு முற்றும் பொருந்துவது. இலட்சக்கணக்கான சங்குகளை எடுத்தாலும் வலம்புரி ஒன்று அகப்படுதல் அரிது.

இனி, இக்கால வகுப்புமுறையிற் சங்கின் இடத்தைக் காண்போம். சங்கு மொலுஸ்கா என்னும் கணத்தைச் சார்ந்தது. மெல்லுடலிகள் என்று தமிழிற் கூறலாம். இப்பியும் முத்துச்சிப்பியும் கணவாயும் இக்கணத்தனவே. அக்கணத்தினுள் வயிற்றுக்காலிகள் என்னும் வகுப்பு நத்தைகளுக்கு உரியது. தம் வயிற்றுப்புறத்தையே அகன்ற பாதமாக்கி ஊர்ந்து செல்லுதலால் அப்பெயர் பெற்றன. அதனுள்ளும், நீரை உள்ளிழுக்கும் குழாயுடையனவாய்ப் பெரும்பாலும் ஊனுண்பனவாய் உள்ளவை ஒரு தனி வருணம். அவ்வருணத்திலே டர்பினெல்லிடே என்னும் குடும்பமும், அக்குடும்பத்தில் டர்பினெல்லா என்னும் சாதியும், அச்சாதியிற் பைரம் என்னும் இனமும் அடங்கும். டர்பினெல்லா பைரம் என்பதே நமது சங்கின் முழுப்பெயர். (சாதி, இனம் என்று இலங்கைப் பாடநூல்கள் கூறுவனவற்றைத் தமிழ்நாட்டார் பேரினம், சிற்றினம் என்பர். சங்கு வணிகரும் சாதி என்றொரு சொல்லை வேறொரு பொருளில் ஆளுகின்றனர். அதனைப் பின்னர்க் காண்க.)

இச்சாதியின் இனங்கள் மிகச் சிலவே. வியப்பென்னவெனில், அச்சிலவும் உலகின் இரு வேறு கோடிகளில் வாழ்கின்றன. ஒரு பகுதி இந்துமாகடலில் இந்திய, இலங்கைக் கரைகளிலும் அந்தமான் தீவுப் பக்கத்திலும் உள்ளது. மறுபகுதி அத்திலாந்திக்கின் மேற்குக் கரையில், கரிபியன் கடலிலும் பிறேசில் நாட்டுக் கரையிலும் உள்ளது. கரிபியன் கடலிலுள்ள டர்பினெல்லா அங்குலேட்டா என்பது ஓரடிக்கு மேலும் வளரும் பேருருவினது. அதன் தோள் கோணமாகப் புடைத்து முண்டுகளோடு நிற்கும். நமது சங்கின் தோளோ திரண்டு உருண்டது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பெருநிலப்பரப்பையும் கடற்பரப்பையும் நோக்குவார் இவற்றை ஒரு சாதி என்று நம்பத் தயங்குவர். ஒரே சாதியென்று காட்டுவது ஓட்டின் உள்ளே மறைந்து கிடக்கும் ஓர் அடையாளமே.

அவ்வடையாளத்தைக் காணுமுன் ஓட்டைப் புறத்தேயிருந்து நோக்குவோம். நாம் பூசையிற் காணும் வெண்சங்கு, கடலிலிருந்து எடுத்தவுடனே வெண்மையாக இராது. உயிருள்ள சங்கின் மேலே கபில நிறமான தடித்த தோலொன்று போர்த்திருக்கும். உலர்ந்தால் அது வெடித்து உரியும். அதனை நீக்கித் தேய்த்த பின்னரே பீங்கான் போன்ற வெண்மை வெளிப்படும். ஓட்டின் பொருள் கல்சியங் காபனேற்று, சுண்ணாம்புக்கல்லும் இப்பொருளே. சித்த மருத்துவர் சங்கைப் புடமிட்டுப் பற்பமாக்குதலும் இத்தன்மை பற்றியே.

ஓட்டின் தொடக்கம் கூம்பின் நுனியிலுள்ள கொழுந்து. குஞ்சு முட்டையறையினுள்ளே இருந்தபோது கட்டிய முதல் வீடு அது. முலைக்காம்பு போலப் பருத்துத் தோன்றும். அதிலிருந்து புரி புரியாகச் சுற்றிச் சுற்றி ஓடு வளர்கின்றது. புரி என்னும் சொல் கயிற்றின் முறுக்குக்கும் பூணூலின் இழைக்கும் வழங்குவது. ஓட்டின் சுற்றுக்கு இதனினும் பொருத்தமான சொல்லை யாம் அறியேம். ஒவ்வொரு புரியும் முந்தியதனைத் தழுவி வளர்ந்து, ஈற்றுப்புரி மற்றெல்லாவற்றையும் விடப் பருத்துச் சங்கின் பெரும்பகுதியாய் அமைகின்றது. அதன் வாய் நீண்டு, கீழே ஒடுங்கிக் கால்வாயாய் முடிகின்றது. இக்கால்வாயின் வழியே சங்கு தன் நீர்க்குழாயை நீட்டி, மணலினுள்ளே மறைந்து வாழும் குழாய்ப்புழுக்களின் இருப்பிடத்தை மணத்தால் அறிந்து உண்கின்றது. சங்கு குளிப்போர் நல்ல சங்கு கிடைக்கும் தரையைப் பூச்சிமணல் என்று சொல்லுதல் இதனாற்போலும். வாயை மூடுதற்குக் கொம்பு போன்ற பொருளாலான, உகிர் வடிவுடைய மூடியொன்றும் உளது. பகை வந்துழி உடலை உள்ளிழுத்து அம்மூடியால் அடைத்துக்கொள்ளும்.

இனி உள்ளே நோக்குக. புரிகள் எல்லாம் ஒரு நடுத்தண்டைச் சுற்றியே செல்கின்றன. சுழற்படிக்கட்டின் நடுவிலே தூண் நிற்பது போல அது நிற்கின்றது. வாயினுள்ளே விரலை நுழைத்து அந்தத் தண்டின் பக்கத்தைத் தடவினால், குறுக்கே ஓடும் வலிய மடிப்புக்கள் மூன்றேனும் நான்கேனும் விரலிற் படும். மேலே யாம் குறித்த அடையாளம் இதுவே. நமது சங்குக்கும் கரிபியன் கடற்சங்குக்கும் உறவு கூறுவது நிறமுமன்று, பருமையுமன்று. நடுத்தண்டின் நடுவிலே கிடக்கும் இம்மடிப்புக்களே.

சங்கறுப்போருக்கு ஓட்டின் இவ்வமைப்பெல்லாம் பண்டே தெரியும். கைவளை அறுப்பதற்குரியது பருத்த ஈற்றுப்புரியே. கொழுந்தும் தண்டும் கழிவாகிவிடும். வளை என்ற ஒரே சொல் சங்கையும் கையணியையும் குறித்தல் இத்தொழிலின் பழமைக்குச் சான்று. அகநானூற்றின் 24ஆம் செய்யுளிலே ஆவூர் மூலங்கிழார், வேள்வி செய்தலை விட்டுச் சங்கறுத்து வாழும் பார்ப்பான் ஒருவனைக் குறிப்பிட்டு, அவன் வளைகளை அறுத்தெடுத்தபின் எஞ்சிய கொழுந்தினைப் பகன்றையின் முறுக்கவிழாத அரும்புக்கு உவமையாக்கினார். கூம்பின் புரிகளும் அரும்பின் முறுக்கும் ஒத்திருத்தலை ஒருமுறை நேரிற் கண்டவர்க்கே அவ்வுவமையின் சுவை புலப்படும். இத்தொழில் தமிழகத்தோடு நின்றதுமன்று. குசராத்துக் கரையிலுள்ள நாகேசுவர் என்னுமிடத்திலே, சிந்துவெளி நாகரிக காலத்துச் சங்கறுக்கும் களம் அகழ்ந்து காணப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளின் முன் அங்குக் கழித்தெறிந்த துண்டுகளை இன்ன சாதியின என்று தெளிதற்கு நடுத்தண்டின் மடிப்பு இன்றும் உதவுகின்றது.

சுவீடன் நாட்டு அறிஞரான லின்னேயஸ் 1767ஆம் ஆண்டு நமது சங்குக்குப் பெயரிட்டபோது இம்மடிப்புக்களையே கண்டார். நடுத்தண்டில் மடிப்புடைய ஓடுகளையெல்லாம் வொலூட்டா என்னும் ஒரே சாதியில் அடக்கி, இதனையும் வொலூட்டா பைரம் என்றார். பைரம் என்பது இலத்தீன் மொழியிற் பேரிக்காயைக் குறிக்கும். சங்கின் வடிவை நினைந்தால் அப்பெயர் பொருந்தும். ஆயின் வொலூட்டா என்னும் அச்சாதி, ஒன்றோடொன்று உறவில்லாத பல உயிர்கள் கலந்த சந்தையாயிற்று. மடிப்பு உண்டு என்பது மட்டும் போதாது. எத்தனை, தண்டின் எவ்விடத்தில், எவ்வாறு என்பதும் நோக்கல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1799ஆம் ஆண்டு இவற்றைப் பிரித்துச் சங்குக்கு டர்பினெல்லா என்று தனிச்சாதி வகுத்தார். பம்பரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாக வந்த பெயர் அது. சிறு பம்பரம் எனலாம். பிற்காலத்தார் ஓட்டோடு நில்லாது உள்ளுயிரின் அரம் போன்ற நாவின் பற்களையும், அண்மையில் மரபணுக்களையும் ஒப்பிட்டு இவ்வகுப்பை ஆராய்ந்து வருகின்றனர்.

இவ்விடத்தே பெயர் வழக்கொன்று நிகழ்ந்தது. லாமார்க்குக்கு ஓராண்டு முந்தி, 1798ஆம் ஆண்டு, ஆம்பூர்க் நகரத்து மருத்துவர் போல்ற்றன் என்பாரது ஓட்டுத் தொகுதியை விற்பதற்காக ரோடிங் என்பார் ஒரு விலைப்பட்டியல் எழுதினார். அதிலே சங்குச் சாதிக்கு அவர் வைத்த பெயர் சாங்கஸ் என்பது. இது நம் சங்கு என்னும் சொல்லே. போர்த்துக்கேயர் இந்தச் சகர ஒலியைத் தம் மொழியில் எக்ஸ் என்னும் எழுத்தாற் குறித்தமையின் அது அவ்வெழுத்தைத் தாங்கி இலத்தீன் வேடம் பூண்டது. முந்திய பெயரே நிற்கவேண்டும் என்பது விலங்கியலார் விதி. அவ்விதிப்படி இருபதாம் நூற்றாண்டில் இந்தியக் கடலாராய்ச்சி நூல்கள் பலவும் சாங்கஸ் பைரம் என்றே எழுதின. மற்றொரு சாரார் டர்பினெல்லாவை விடவில்லை. ஈற்றில் அனைத்துலக விலங்கியற் பெயரீட்டு ஆணைக்குழு 1957ஆம் ஆண்டு, நெடுங்காலம் வழங்கிய பெயர் என்னும் காரணத்தால் டர்பினெல்லாவை நிலைநிறுத்திச் சாங்கஸ் என்பதனைத் தள்ளிற்று. தமிழ்க் கடலின் பொருளுக்குத் தமிழர் வாயில் வழங்கும் சொல்லே பெயராய் நின்றிருந்தால் எமக்கு மகிழ்ச்சியாயிருக்கும். வழக்குப் பற்றி விதி நெகிழ்வது இலக்கணத்திலும் உள்ளதேயாதலின், தீர்ப்பைக் குறைகூறவும் எமக்கு வாயில்லை.

நமது கடற்சங்கைப் பற்றி விரிவான நூலொன்றை 1914ஆம் ஆண்டு சென்னை மீன்றுறையினர் வெளியீடாக எழுதியவர் ஜேம்ஸ் ஹோர்னெல். இவர் முன்னர் இலங்கையில் மன்னார் முத்துப்பார்களை ஆராய்ந்தவர். ஒரே இனமாகிய சங்கு இடந்தோறும் வடிவு வேறுபடுதலை அவர் எடுத்துக் காட்டினார். வணிகர் இதனை அவருக்கு முன்னரே அறிந்திருந்தனர். தூத்துக்குடிப் பக்கத்துச் சங்கைச் சாதிச்சங்கு என்றும், இராமேசுவரத்துக்கு வடக்கே பாக்குநீரிணைப் பக்கத்துச் சங்கைப் பட்டிச்சங்கு என்றும் பிரித்து வெவ்வேறு விலை கூறினர். கன்னியாகுமரிச் சங்குக்கும் அந்தமான் சங்குக்கும் தனித்தனி வடிவுண்டு. டாக்கா நகரத்துச் சாங்காரி பசாரிலே வளையறுக்கும் தொழிலாளர் இவ்வேறுபாட்டைக் கையாற் பிடித்தே கூறவல்லவராயிருந்தனர்; வங்காளத்து மணமகளின் கைச்சங்குவளைக்கு எது ஏற்றது என்பது அவர் பிழைப்பு.

அண்டை அண்டையாகிய கடல்களில் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று? விடை சங்கின் முட்டையிலே உள்ளது. பெண்சங்கு மணலிலே ஒரு முனையைப் புதைத்து, ஆட்டுக்கொம்பு போன்று முறுகிய, அறை அறையாய் அடுக்கிய முட்டைக்கூடொன்றை நிறுத்துகின்றது. கடற்றொழிலாளர் அதனைச் சங்குப்பூ என்பர். தோட்டத்து வேலியிற் படரும் நீலப்பூவோடு இதனை மயங்கற்க. கடல்வாழ் நத்தைகளுட் பலவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு செல்வன. சங்கின் குஞ்சு அங்ஙனம் மிதப்பதில்லை. கூட்டினுள்ளேயே ஓடு பெற்று, அறையிலிருந்து வெளிப்பட்டவுடன் பிறந்த மணலிலேயே ஊர்ந்து வாழத் தொடங்குகின்றது. ஆதலின் ஒரு பாரிலுள்ள கூட்டம் மற்றொரு பாரிலுள்ள கூட்டத்தோடு எளிதிற் கலவாது; தலைமுறை தலைமுறையாகத் தன் வடிவைத் தானே பேணுகின்றது. இதனாலே வேறொன்றும் விளைகின்றது. ஒரு பாரிலே முழுவதையும் வாரிவிட்டால், அடுத்த பாரிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பமாட்டா. சிறு சங்குகளை எடாது விடல் வேண்டும் என்று இரு கரை அரசாங்கங்களும் அளவு வகுத்தமைக்கு இதுவே தக்க காரணம். யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றிலிருந்து ஒருகாலத்திற் செத்த சங்குகளைத் தோண்டி எடுத்து விற்றனர். அவை அங்குப் பண்டு வாழ்ந்து மடிந்த கூட்டங்களின் எச்சம்.

இனி வலம் இடம் என்னும் வழக்குக்கு வருவோம். படிப்பவர் ஒரு சாதாரணச் சங்கைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வருமாறு செய்து பார்த்தல் நலம்.

சங்கின் கொழுந்து வானை நோக்கவும், வாய் தம்மை நோக்கவும் பிடிக்க. வாய் வலக்கைப் பக்கத்தில் இருத்தலைக் காணலாம். விலங்கியலார் ஓட்டைப் படம் வரையும்போது இவ்வாறு நிறுத்தியே வரைவர். வாய் வலப்பக்கம் உள்ளதனை வலச்சுருள் என்பர். உலகத்து நத்தைகளுட் பெரும்பாலன இத்தகையன. இனி அதே சங்கை, வாய் தம்மை நோக்கியபடியே இருக்க, தலைகீழாகத் திருப்பிக் கால்வாய் வானை நோக்கப் பிடிக்க. வாய் இப்பொழுது இடக்கைப் பக்கத்தில் இருக்கும். ஆதலின் இது இடம்புரி. சங்கு அதுவே, பிடித்த முறையே வேறு. பிரெஞ்சு நாட்டுப் பழைய ஆசிரியர் சிலர் கொழுந்தைக் கீழே வைத்தே ஓடுகளை வரைந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எது மேல், எது கீழ் என்பது வரைபவன் கொண்ட மரபு.

நம் முன்னோர் கால்வாயை முன்வைத்து நோக்கியதற்குக் காரணம் யாதெனின், சங்கை அவர் ஆளும் முறையே என்பது எம் கருத்து. அபிடேகச் சங்கை ஏந்துபவர் கொழுந்து தம் பக்கமும் கால்வாய் அப்பாலும் இருக்க, வாய் மேல்நோக்க ஏந்துகின்றார். நீர் கால்வாயின் வழியே ஒழுகுகின்றது. ஊதுபவரும் கொழுந்தை அறுத்துத் துளைசெய்து அத்துளையையே தம் வாயில் வைக்கின்றார். இரண்டிடத்தும் கொழுந்து மனிதனை அடுத்தது, கால்வாய் அப்பாற்பட்டது. அவ்வாறு ஏந்திக் குனிந்து நோக்கினால், வலம்புரியின் வாய் வலப்பக்கத்தும் இடம்புரியின் வாய் இடப்பக்கத்தும் தோன்றும்.

புரியின் செலவை நோக்கினும் இதுவே பெறப்படும். வலம்புரியைக் கால்வாய் மேலே நிற்க நிறுத்தி, மேலிருந்து நோக்குக. கொழுந்திலே தொடங்கிய புரி வளர்ந்து வளர்ந்து நம்மை நோக்கி ஏறி வரும் வழி, கடிகார முட்செல்லும் திசையில் அமைந்திருக்கும். கோயிலை வலம்வரும் அடியவரை விமானத்தின் மேலிருந்து நோக்கினாலும் அவர் செல்லும் திசை அதுவே. வலம்புரி என்னும் பெயரிலுள்ள வலம், வலம்வருதலிலுள்ள வலமே. சாதாரணச் சங்கை இங்ஙனம் நோக்கின் புரி எதிர்த்திசையில் ஏறும்.

இங்கு ஒரு தடை நிகழும். திருகாணி ஒன்றை எப்பக்கம் திருப்பினும் அதன் முறுக்கு மாறாதே. சங்கின் முறுக்கு மட்டும் எங்ஙனம் மாறும் என்று கூர்மையுள்ள மாணவன் வினவக்கூடும். வினா நன்று. முறுக்கு மாறவேயில்லை. சாதாரணச் சங்கும் வலம்புரியும் கண்ணாடியும் நிழலும் போல ஒன்றற்கொன்று எதிரானவை. எப்பக்கம் திருப்பினும் ஒன்று மற்றொன்றாகாது. இதில் விலங்கியலாருக்கும் தமிழருக்கும் மாறுபாடு சிறிதும் இல்லை. அவ்விரண்டனுள் எதற்கு வலம் என்னும் சொல்லை வழங்குவது என்பதில் மட்டுமே மரபு வேறுபடுகின்றது. ஒருவர் கொழுந்திலிருந்து எண்ணினார். மற்றவர் கால்வாயிலிருந்து எண்ணினார். ஆதலின், பாடநூலைத் தமிழாக்குவோர் வலச்சுருள் என்றவிடத்து வலம்புரி என்று பெயர்த்தெழுதுதல் பெரும்பிழையாகும். அவ்வாறு எழுதின் தெருவிற் கிடக்கும் சங்கெல்லாம் வலம்புரியாகிவிடும். தேர்வு விடைத்தாள்களில் இம்மயக்கத்தை யாம் பலகாற் கண்டுள்ளோம்.

எதிர்முறுக்கு எங்ஙனம் பிறக்கின்றது என்பதற்குக் குளத்து நத்தை ஒருவகை விடை தந்தது. அதன் முறுக்கைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணுவன்று, தாயின் மரபணுவே என்பது 1923ஆம் ஆண்டளவில் அறியப்பட்டது. யப்பான் நாட்டு ஆராய்ச்சியாளரான அபேயும் குரோடாவும் 2019ஆம் ஆண்டு அந்நத்தையில் ஒரே ஒரு மரபணுவைச் செயலறச்செய்து, வலச்சுருளாய் வளரவேண்டிய குஞ்சுகளை இடச்சுருளாய் வளரச்செய்து காட்டினர். முட்டை முதன்முதற் பிளவுபடும்போதே முறுக்கு முடிவாகிவிடுகின்றது.

இனிக் கூறப்போவது பொருளிழப்பைப் பற்றியது. வலம்புரியின் அருமையாற் பிறந்த விலையே வஞ்சகருக்கும் வழி திறந்தது. மெக்சிக்கோ வளைகுடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் பியூசைக்கன் என்னும் வேறொரு சாதி நத்தை வாழ்கின்றது. மின்னல் நத்தை என்று அதனை அந்நாட்டார் அழைப்பர். ரெக்சாசு மாநிலம் 1987ஆம் ஆண்டு அதனைத் தன் சின்னமாகவும் ஏற்றுக்கொண்டது. அந்நத்தை இயல்பாகவே இடச்சுருள், அதாவது நம் வழக்கில் வலம்புரி. அங்கே கரையோரத்திற் பெருந்தொகையாய்க் கிடைக்கும் அவ்வோட்டை வெளுத்து மெருகிட்டு, வலம்புரிச் சங்கு என்று விற்போர் உளர். வாங்குபவர் முறுக்கை மட்டுமே பார்க்கின்றனர். முறுக்கோ சரியாகவே இருக்கின்றது. சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்கிப் பூசையறையில் வைத்தவர் வீட்டிலே, அயற்கடல் நத்தை பட்டுத்துணியின்மேல் இருக்கின்றது. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதே என்று சிலர் சான்று காட்டுவர். வெற்றோடு எதனைக் காதில் வைத்தாலும் அவ்வொலி கேட்கும். சிரட்டையை வைத்தாலும் கேட்கும். சூழவுள்ள ஓசை உள்வெளியிற் புகுந்து எதிரொலித்தலே அது.

இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. மின்னல் நத்தையின் ஓடு நம் சங்கைப்போலத் திண்ணியதன்று. பருமைக்கேற்ற பாரம் கையில் இராது. கால்வாய் மிக நீண்டு வால்போல ஒடுங்கும். தோளிலே முண்டுகள் வரிசையாய் நிற்கும். அவற்றைத் தேய்த்துவிட்டாலும் சுவடு எஞ்சும். வெளுப்பதற்கு முன்னாயின் மின்னற்கீற்றுப் போன்ற கபிலக் கோடுகளும் காணலாம். ஆயின் தேய்த்தும் வெளுத்தும் மறைக்கமுடியாத சான்று உள்ளேயிருப்பது. சங்கை விளக்கொளியிற் பிடித்து வாயினுள்ளே நோக்குக. ஒளி எட்டாதாயின் சுட்டுவிரலை நுழைத்து நடுத்தண்டைத் தடவுக. குறுக்கே மூன்று அல்லது நான்கு மடிப்புக்கள் வரம்புபோல உயர்ந்து நின்றால் அது டர்பினெல்லா. தண்டு வழுவழுப்பாய் ஓடினால் அது மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வந்தது; முறுக்கு எப்பக்கமிருப்பினும் பணத்தை மடியிலிருந்து எடுக்கவேண்டியதில்லை.